எடைக்குப் போட்ட இரும்பு

பழைய இரும்புக் கடையில் இரண்டு விலை உண்டு. தராசில் போட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று சொல்வது ஒன்று. தராசில் போடாமல் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது தனிம்மா" என்று ஓரமாக வைப்பது இன்னொன்று. காரைக்காலில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பழைய கைக்கருவிகளைத் தேடிச் சேர்த்து, துரு நீக்கி, முடிந்தவற்றைத் திரும்பவும் புழக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்துவருகிறேன். எது தராசுக்குப் போகிறது, எது ஓரமாகப் போகிறது என்பதை முதல் இரண்டு ஆண்டுகள் நான் கவனிக்கவே இல்லை. கவனிக்கத் தொடங்கிய பிறகு வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

ஓரமாகப் போகிறவை: தச்சரின் இழைப்புளி, சிங்க முத்திரை போட்ட பெஜோ ரம்பம், ரசமட்டம், ஷெஃபீல்டு என்று வெட்டிய உளி, பட்டறைக் குறடு. தராசுக்குப் போகிறவை: கருக்கரிவாள், அருவாமனை, தேங்காய்த் துருவி, களைக்கொட்டு, உலக்கைப் பூண். ஏன் இப்படி என்று கடைக்காரரிடமே கேட்டேன். "அதெல்லாம் டூல்ஸும்மா. இது வீட்டுச் சாமான்" என்றார். கருக்கரிவாள் எந்த வீட்டில் என்ன வேலை செய்தது என்று நான் கேட்கவில்லை. அவர் அன்றைக்கு ஏற்கெனவே எனக்காக அரை மணி நேரம் குப்பையைக் கிளறியிருந்தார்.

எங்கள் ஊரைக் காரைக்குடி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் வீதி முழுக்கப் பழம்பொருள் கடைகள். அங்கே செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் தேக்குப் பெட்டியும் பளபளவென்று நிற்கும். காரைக்காலில் அப்படி ஒரு வீதி கிடையாது. இங்கே பழைய இரும்பு ஞாயிற்றுச் சந்தையில் தார்ப்பாய் மேல் வருகிறது. ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில் செங்கல்லோடு வருகிறது. பிரான்சில் குடியேறிவிட்ட பிள்ளைகள் பூட்டிய வீட்டைத் திறந்து விற்கும்போது வருகிறது. 1739-இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. நடுவில் ஆங்கிலேயர் சில முறை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். சுற்றிலும் பிரிட்டிஷ் தஞ்சாவூர், நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர் பிரெஞ்சு மண். அதனால்தான் ஒரே சாக்குப்பையில் பிரெஞ்சு ரம்பமும் ஸ்காட்லாந்துத் தையல் எந்திரத்தின் சக்கரமும் நெடுங்காடு பக்கத்துக் கொல்லர் அடித்த அரிவாளும் சேர்ந்து கிடக்கின்றன.

1979-இல் இத்தாலிய மானுடவியலாளர் பவோலா தபேத் ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். தலைப்பைத் தமிழில் 'கைகள், கருவிகள், ஆயுதங்கள்' என்று சொல்லலாம். ஆணும் பெண்ணும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், இருவருக்கும் அவரவர் கருவி இருந்தது என்ற பழைய கதையை அவர் ஏற்கவில்லை. சமூகம் சமூகமாகப் பார்த்து அவர் காட்டியது இது: பெண்ணுக்குக் கிடைப்பது எப்போதும் குறைவான கருவி. சிக்கலான கருவியும், பிற கருவிகளைச் செய்யும் கருவியும் ஆணிடம். பெண் செய்யும் வேலைக்கு ஒரு நல்ல கருவி வந்துவிட்டால் அந்த வேலையும் ஆணிடம் போய்விடும். பெண்ணிடம் மிஞ்சுவது கை.

தபேத் டெல்டாவுக்கு வந்ததில்லை. ஆனால் நடவு நாளில் திருநள்ளாறு சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம் அவர் கட்டுரைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. உழவுக்கு ஏர், பிறகு டிராக்டர். வரப்பு வெட்ட மண்வெட்டி. பரம்படிக்கப் பலகை. நடவுக்கு? கை. சேற்று வயலில் களை பறிக்க? அதற்கும் கை. நாள் முழுக்கக் குனிந்து, ஆயிரக்கணக்கான முறை விரலைச் சேற்றில் ஊன்றிச் செய்கிற வேலைக்கு நூற்றாண்டுக் கணக்கில் யாரும் ஒரு கருவி செய்து கொடுக்கவில்லை. ஒற்றை நாற்று நடவோடு கோனோவீடர் என்ற தள்ளு எந்திரம் வந்தது. நான் பார்த்த வயல்களில் அதைத் தள்ளியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். களை பறித்த பெண்கள் அந்த நாள் வீட்டில் இருந்தார்கள். ஏர் பிடிக்கப் பெண்ணை அனுமதிக்காத விலக்கு இந்தியாவின் பல பகுதிகளில் இருப்பதை, நில உரிமை பற்றிய தன் 1994 நூலில் பீனா அகர்வால் விரிவாகப் பேசியிருக்கிறார். ஏரைத் தொட முடியாதவள் அந்த நிலத்தைத் தன்னதாக வைத்து உழ முடியாது; யாரையாவது எதிர்பார்த்தே நிற்க வேண்டும்.

வயலில் பெண் கைக்கு வந்த இரும்பு என்றால் அது கருக்கரிவாள். அறுப்பில் ஆணும் பெண்ணும் இறங்குவார்கள். ஆனால் ஆணுக்கு அது பல கருவிகளில் ஒன்று. கருக்கு என்றால் பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ரம்பப் பல். பாமா 1992-இல் தன் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தார். டெல்டாவில் அந்தச் சொல் அதற்கு முன்பும் பின்பும் குடிசைக் கூரைகளில் செருகப்பட்டு இருந்தது. தை மாதம் வந்தால் கூரையிலிருந்து உருவுவார்கள். அறுப்பு முடிந்தால் திரும்பச் செருகுவார்கள்.

இதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெட்டரிவாள் ஓங்கி வெட்டுவது. கருக்கரிவாள் இழுத்து அறுப்பது. அதனால் பற்கள் கைப்பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். பல் இருப்பது தகட்டின் ஒரு முகத்தில் மட்டும். கொல்லர் இரும்பைத் துவைத்து வளைத்த பிறகு, உளியைச் சாய்த்து வைத்து ஒவ்வொரு பல்லாக வெட்டுவார். அப்புறம் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். மறுமுகம் வழவழப்பாக இருக்கும். மழுங்கினால் அந்த வழவழ முகத்தைக் கல்லில் தேய்த்தால் போதும், பல் நுனி தானே கூராகிவிடும். நாற்பது ஐம்பது ஆண்டு தேய்த்த அரிவாள் பிறை போல மெலிந்துவிடும். பல்லே தேய்ந்துபோனால் பட்டறைக்குப் போய்ப் பல் வைத்துக்கொண்டு வர வேண்டும். பட்டறை ஆணுடையது, துருத்தியும் சம்மட்டியும் ஆணுடையவை. கருவியை வைத்திருப்பவள் அதைப் பழுது பார்க்க இன்னொருவரிடம் காத்திருக்க வேண்டும். தபேத் சொன்னது இதைத்தான்.

நெடுங்காட்டைத் தாண்டி ஒரு தெருவில், நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண்ணிடம் நான் ஓர் அரிவாள் வாங்கினேன். இரும்புக்காரரிடம் போடக் கட்டி வைத்திருந்த பழைய சாமான்களுக்குள் அது கிடந்தது. கையில் எடுத்ததும் ஏதோ இடறியது. பிடித்தால் பல் தப்பான பக்கம் பார்த்தது. இடக்கைக்கு மாற்றினேன். சரியாக உட்கார்ந்தது.

"அது எங்க ஆயாவோடதுக்கா" என்றார். "ஆயா பீச்சாங்கைக்காரி. அதுக்குன்னே ஆசாரி வேற மாதிரி பல்லு வெட்டிக் குடுத்தாராம். மத்தவங்க அருவாளை எடுத்தா அதுக்கு நெல்லு அறுபடாது, நசுங்கும்."

என் சேகரிப்பில் இருப்பவற்றில் இதைவிட அரிய பொருள் இல்லை. பித்தளை ரசமட்டத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை சொல்லுங்கள். கூலிக்கு அறுத்த ஒரு பெண், ஊரெல்லாம் வலக்கைக்கு அடிக்கும் ஒரு கருவியைத் தன் கைக்கு ஏற்ப மாற்றி அடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கொல்லருக்கு ஊர்க் கூலி களத்தில் நெல்லாகக் கிடைக்கும்; அதைக் கொடுப்பவர் நிலக்காரர், அவருடைய ஏரும் வண்டியும்தான் முதல் வேலை. அந்த வரிசையில் கடைசியில் நிற்கும் ஒருத்தி, இடக்கை என்றாலே முகம் சுளிக்கும் ஊரில், என் கை இப்படி, அதற்கு ஏற்றதைச் செய்து கொடு என்று பட்டறை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அவர் செய்தும் கொடுத்திருக்கிறார். இது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. பல்லின் சாய்வில் இருக்கிறது.

அதைத் துரு நீக்கும்போது நான் மிகவும் பயந்தேன். பழைய இரும்பைச் சுத்தம் செய்ய எளிய வழி சாணைக்கல். ஆனால் மின் சாணையில் பிடித்தால் விளிம்பு சூடேறி நீல நிறமாகும். நீலம் ஏறினால் பதம் போய்விட்டது என்று பொருள், இனி கூர் நிற்காது. தவிர, சாணை துருவோடு சேர்த்துக் கையின் தடயத்தையும் தின்றுவிடும். ஆகவே மின்பகுப்பு முறையைத்தான் கைக்கொள்கிறேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் ஒரு கைப்பிடி சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அரிவாளிலும் நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டித் தொடாமல் எதிரெதிரே தொங்கவிட வேண்டும். துரு கழன்று வாளி சிவப்பாகும். அடியில் இருக்கும் நல்ல இரும்புக்கு ஒன்றும் ஆகாது. வெளியில் திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் எழும் குமிழி ஹைட்ரஜன். நேர்முனையில் எவர்சில்வரை மட்டும் மாட்டக் கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் கலக்கும். முடிந்ததும் கழுவி, வெயிலில் நன்றாகக் காய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். கைப்பிடியில் சுற்றியிருந்த துணிக் கந்தலை அவிழ்க்கவில்லை. வேலை சின்னதாக இருந்தால் இத்தனையும் வேண்டாம். புளிக்கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால் போதும். குத்துவிளக்கு தேய்க்கத் தெரிந்த எல்லோருக்கும் அந்த வேதியியல் தெரியும்.

கதிர் அரிவாள் என்றதும் நம் ஊரில் சுவரில் எழுதிய தேர்தல் சின்னம்தான் கண்ணுக்கு வருகிறது. கீழத்தஞ்சையில் அந்தச் சின்னத்துக்குப் பெரிய வரலாறு உண்டு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்த இயக்கம் அது. ஆனால் சுவரொட்டியில் அரிவாளைப் பிடித்திருக்கும் கை முறுக்கேறிய ஆண் கையாகவே வரையப்பட்டது. எங்கள் எல்லைக்குத் தெற்கே கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரியில் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியதும் அந்தத் தகராறின் ஒரு பகுதி. அறுவடை நேரத்தில் அரிவாளைக் கீழே வைப்பதுதான் கூலிக்காரரின் ஒரே பலம். நடவிலும் அறுப்பிலும் அந்தப் பலத்தில் பாதிக்கு மேல் பெண்களுடையது. கூலியோ டெல்டா முழுக்க ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. களத்துக்கு அது எப்போது வந்தது என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகளிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்று கதிர் அறுக்கும் எந்திரம் வரப்பில் இறங்குகிறது. ஒரு மணி நேரக் கணக்கில் வாடகை. ஓட்டுநர் ஆண். அதனால்தான் அரிவாள்கள் கூரையிலிருந்து இறங்கிச் சாக்குக்குள் போகின்றன. வயிற்றுவலியும் இடுப்புவலியுமாக அறுத்த அந்த வேலை போனதற்காக நான் அழ மாட்டேன். வேலை போன இடத்தில் வேறு கூலி வரவில்லை என்பதுதான் விஷயம்.

இதே கதை நெல் குத்துவதில் முன்பே ஒரு முறை நடந்து முடிந்தது. அதற்குச் சாட்சி உலக்கைப் பூண். உலக்கையின் மரம் அடுப்புக்குப் போய்விடும். அடிமுனையில் இருக்கும் இரும்பு வளையம் மட்டும் மிஞ்சும். பழைய இரும்புக் கடைகளில் வளையல் அளவில் கனமான வளையங்கள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். உள்விளிம்பு மரத்தைக் கவ்விய இடத்தில் சொரசொரப்பாகவும் வெளிவிளிம்பு உமியில் உரசி உரசிக் கண்ணாடி போலவும் இருக்கும். இரும்பைக் கண்ணாடியாக்க எத்தனை மரக்கால் நெல் வேண்டும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. பிரேசிலில் எவரிஸ்டோ எங்கெல்பெர்க் என்பவர் 1885-இல் காப்பிக்கொட்டைத் தோல் உரிக்கக் கண்டுபிடித்த எந்திரம்தான் பிறகு ஆசியாவெங்கும் நெல் அரைக்கும் ஹல்லராகப் பரவியது. கூலிக்கு நெல் குத்திக் குறுநொய்யும் தவிடும் வாங்கிப் பிழைத்த பெண்களுக்கு, குறிப்பாக விதவைகளுக்கு, அது பெரிய அடி. 1958-இல் இந்திய அரசு அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, புது ஆலைக்கு உரிமம் கொடுக்குமுன் அந்த வட்டாரத்தில் கைக்குத்தல் வேலை எவ்வளவு பறிபோகும் என்று பார்க்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். நல்ல வரிதான். ஆலைகள் வந்துகொண்டே இருந்தன. 1997-இல் சட்டமே நீக்கப்பட்டது.

அம்மி மட்டும் வேறு மாதிரி. கல் என்பதால் இரும்புக்காரர் எடுப்பதில்லை. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கக் கிடக்கும். ஆனால் நம் கருவிகளில் கடல் தாண்டி, பெயரோடு நிலைத்தது அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். முதலில் ரியூனியன். 1853-இல் மார்த்தினிக்கில் 'ஒரேலி' என்ற கப்பல் வந்து நின்றது. குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து 40,000 பேருக்கு மேல் போனார்கள். அங்கே கரும்பு வெட்டுபவன் கையில் நீளக் கத்தி. அவன் பின்னால் குனிந்து வந்து கட்டுக் கட்டுபவள் பெண். அவளுக்குப் பிரெஞ்சில் தனிப் பெயரே உண்டு, 'அமாரூஸ்', அதாவது கட்டுபவள். அவளுக்குக் கருவி கிடையாது. கரும்புத் தோகையையே முறுக்கிக் கயிறாக்கிக்கொள்வாள். கடல் தாண்டியும் நடவு வயலின் நியாயம்தான். ஆனால் மாலையில் அடுப்படிக்கு வந்ததும் தனக்கு வேண்டிய கருவியை அவளே தேடிக்கொண்டாள். மொரீஷியசில் இன்றும் அம்மிக்குப் பெயர் 'ரோஸ் கறி': கல் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லும் நம் கறியும் சேர்ந்தது. சமையல் கருவியை வீட்டுச் சாமான் என்று தள்ளுபவர்களிடம் இந்தச் சொல்லைத்தான் காட்டுவேன்.

தராசுக்குப் போகாமல் தனியாக வைக்கப்படும் ஒரே பெண் கருவி தையல் எந்திரம். பெரிய மஸ்ஜிதுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு லாத்தா தன் உம்மாவின் சிங்கர் எந்திரத்தை விற்கும்போது என்னை அழைத்தார். கையால் சுற்றுவது, வளைத்த மரத்தில் செய்த மூடி, படகு போன்ற நீள நாடா. அடித்தட்டில் எஃப் எழுத்தோடு எண். சிங்கர் எண்களைக் கொண்டு பிறப்பிடம் சொல்லலாம்: எஃப் வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில், 1910-களில் வார்க்கப்பட்டது.

அந்த ஆலையில் 1911 மார்ச்சில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. மரப்பெட்டிக்கு மெருகு போடும் பிரிவில் ஆட்களைக் குறைத்து, மிச்சமிருந்த 12 பெண்கள் மேல் வேலையை ஏற்றினார்கள். அவர்கள் எழுந்து வெளியே போனார்கள். சில நாட்களில் அவர்களுக்காகச் சுமார் 11,000 பேர் ஆலையை விட்டு இறங்கிவிட்டார்கள். மூன்று வாரம் நீடித்துத் தோற்றது. பிறகு நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். ஊசிப் பிரிவில் இருந்த ஜேன் ரே அவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அந்த ஊரின் நகர்மன்ற உறுப்பினரானார். என்னிடம் உள்ள மூடிக்கு மெருகு போட்டது அந்தப் பன்னிருவரில் ஒருத்தி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் வேலை செய்த பெண்களின் கை அதில் பட்டிருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். அக்காலத்தில் மரச்சாமான் மெருகு என்றால் அரக்கு, அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து போனது. ஆகவே மூடியைச் சுத்தம் செய்யும்போது ஸ்பிரிட் படக் கூடாது. மெருகு கரைந்து வந்துவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தேன்.

எந்திரங்களை எதிர்த்த காந்தி தையல் எந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் கொண்ட அன்பால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தாராம். ஐசக் சிங்கருக்குப் பல பெண்களிடம் இருபதுக்கு மேல் குழந்தைகள். ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தியவர். எந்த மனைவியின் கஷ்டம் அவரை உருக்கியது என்று காந்தியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

லாத்தாவின் உம்மா தெருவில் இறங்கிக் கடைக்குப் போனவரில்லை. துணி வீட்டுக்கு வரும், தைத்துத் திருப்பி அனுப்புவார், காசு பிள்ளைகள் கையில் வரும். அந்தக் காசில் இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினாராம். "உம்மா பேருல பேங்குல கணக்குக் கிடையாது. இந்த டிராயர்தான்" என்று லாத்தா எந்திரத்தின் பக்கவாட்டுச் சிறு அறையைத் திறந்து காட்டினார். உள்ளே உடைந்த ஊசிகளும் ஒரு பிரெஞ்சிந்தியக் காசும் இருந்தன. காசை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். சீர் கொடுத்த அப்பாவின் எழுத்து, வாங்கிய வீட்டின் எழுத்து, அபூர்வமாக அவளுடைய பெயர். பித்தளையில் பெயர் வெட்டுவது அது சொத்து என்பதால். அடகு வைக்கலாம், பாகம் பிரிக்கலாம். இரும்பில் யாரும் பெயர் வெட்டவில்லை. ஆண் தச்சர்கள் தங்கள் உளிப்பிடியில் குறி போட்டுக்கொண்டார்கள், பட்டறையில் பலர் கருவி கலக்கும் என்பதால். அருவாமனை வீட்டில் ஒன்றுதான். அதைப் பிடிப்பவளும் வீட்டில் ஒருத்திதான் என்ற நினைப்பு. புனேயில் தினகர் கேல்கரும் அவர் மனைவி கமலாபாயும் பல பத்தாண்டுகள் அலைந்து பாக்குவெட்டியும் விளக்கும் சமையல் சாமானும் சேர்த்தார்கள். பிறகு அந்தச் சேகரிப்பு மகாராஷ்டிர அரசுக்குப் போனது. அருங்காட்சியகத்துக்குப் பெயர், அவர்களின் இறந்துபோன மகன் ராஜாவுடையதும் கேல்கருடையதும். கமலாபாய் எங்கே என்று தேடத்தான் வேண்டும். இருந்தாலும் பாக்குவெட்டியை வரலாறு என்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்களே, அதற்கு நன்றி.

பெயர் இல்லாத கருவியில் தேய்மானம்தான் கையெழுத்து. அதனால்தான் பளபளப்பாக்கி விற்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அருவாமனைப் பலகையில் வலது பாதம் அழுத்தி அழுத்திப் பள்ளமாகியிருக்கும். அதை இழைத்துச் சமமாக்கி வார்னிஷ் அடித்தால் நல்ல விலை போகும், சுவரில் மாட்ட. ஊருக்குப் போகும் மாணவிகள் ஒரு வேலை செய்யலாம்: பாட்டியின் அருவாமனையைத் தலைகீழாகத் திருப்பி, பலகையின் தேய்மானத்தையும் தகட்டின் மெலிவையும் அளந்து, யார், எத்தனை ஆண்டு, எத்தனை பேருக்குச் சமைத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி இருக்கும்போதே செய்யுங்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி என்று கரையோரம் முழுக்கக் கடல் ஏறியது. பிறகு நிவாரணம் வந்தது. படகு, கட்டுமரம், எந்திரம், வலை என்று கணக்கெடுத்தார்கள். அவை ஆண்களின் கருவிகள். அவற்றுக்கு விலையும் பதிவும் உண்டு. மீன் வாங்கி விற்கும் பெண்களின் அன்னக்கூடையும் தராசும் அருவாமனையும் அதே கடலோடு போயிருந்தன. அவை பற்றிய பேச்சு தாமதமாகவே வந்தது, அதுவும் பெண்கள் சங்கமாகக் கூடிக் கேட்ட பிறகு. மீன் வெட்டத் தெரிந்தவளுக்கு எந்த அருவாமனையும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் மார்க்கெட்டில் ஒரு காலை நின்று பார்க்க வேண்டும். வஞ்சிரத்துக்குத் தகடு நிமிர்ந்திருக்க வேண்டும், நெத்திலிக்குத் தணிந்திருந்தாலும் போதும். உட்காரும் உயரம், கால் நீளம், இடுப்பு வலி எல்லாம் சேர்ந்து ஒருத்திக்கு ஓர் அருவாமனை பழக வேண்டும்.

போன மாசியில் மார்க்கெட்டில் மீன் வெட்டும் ஓர் அக்காவுக்கு ஒன்றைச் சரிசெய்து கொடுத்தேன். தகடு பழையது, சுனாமிக்குப் பிறகு மணலில் கிடைத்ததை அவர் பதினைந்து ஆண்டுக்கும் மேலாக வீட்டில் போட்டு வைத்திருந்தார். யாருடையது என்று தெரியாது. உப்புத் துரு ஆழமாகத் தின்றிருந்ததால் நான்கு நாள் வாளியில் கிடந்தது. விளிம்பைக் கைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டி, புதிதாகப் பூவரசம் பலகையில் ஏற்றினேன். அக்கா உட்கார்ந்து, காலை ஊன்றி, ஒரு பாறையை எடுத்துச் செதிளை ஒரே இழுப்பில் சீவினார். தகட்டை விரலால் தட்டிச் சத்தம் கேட்டார்.

"பழைய இரும்புதான். இது பேசுது. ஆனா பலகை அரை விரக்கடை ஒசரம் தங்கச்சி. சாயங்காலம் எடுத்துட்டுப் போயி இழைச்சுக் குடு. அப்புறம் மேட்டுல எங்க நாத்தனாகிட்ட இன்னொண்ணு கெடக்கு, அதுக்கும் பலகை இல்ல. நீ பாறையை வாங்கிட்டுப் போ, காசு வேணாம்."